நீர் இறங்கிய மேட்டுக்கு

பினாங்குப் பக்கம் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது. மத்தியானம் வரைக்கும் வெயில் காயும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இடி முழங்கும். கொட்டித் தீர்த்துவிட்டு மறுபடியும் வெயில். மழைக்காக அங்கே யாரும் வானத்தை அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. கோயமுத்தூரில் ரயிலை விட்டு இறங்கிய அன்று முதலில் என் கண்ணில் பட்டது, ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

ஜட்கா வண்டிக்காரரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "நேத்தும் கூடுச்சுங்க. பெருசா இடிச்சுப்போட்டு, ஒரு பொட்டு உழுகாம அப்படியே கலைஞ்சு போயிருச்சுங்க. இன்னைக்கு என்ன பண்ணுதோ."

என் மடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அது தேவசகாயத்தினுடையது.

தேவசகாயமும் நானும் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். நான் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவன். அவன் நோயாளிகளுக்குச் சமைக்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு. அவன் காவேரிக் கரையில் செங்கரை என்ற ஊர்க்காரன். கிறிஸ்தவன். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் பாடுபட்ட குடும்பம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கப்பல் ஏறினான். பெண் பிறந்தது என்று தகவல் வந்ததும் புஷ்பம் என்று பெயர் எழுதி அனுப்பினான். அந்தக் குழந்தை நன்றாகப் பேசத் தொடங்கிய வயதில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்துபோயிற்று. அவன் அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை. பிறகு மேட்டூர் அணை எழும்பி, ஊரே தண்ணீருக்குள் போயிற்று. சென்ற கார்த்திகையில் அவனும் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்திலிருந்து தகவல் எழுதிவிட்டார்கள். ஆனால் அவன் பெட்டியை யாராவது கையோடு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் அல்லவா? எனக்கு லீவு கிடைத்தது.

கோயமுத்தூரில் என் அண்ணன் வீட்டில் ஒரு நாள் தங்கினேன். புறப்படும்போது அண்ணன் வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரங்கசாமி, பொட்டியக் குடுத்துப்போட்டுச் சட்டுனு திரும்பிரு. அவங்கூட்டுல கையை நனைச்சேன்னு இங்க பேச்சு வந்துறக்கூடாது."

கடல் தாண்டி ஒரே சட்டியில் தின்றதை அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வண்டியேறினேன்.

ஈரோட்டு ஸ்டேஷன் பெஞ்சியில் யாரோ விட்டுப்போன பத்திரிகையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தேன். அதன் மூலையில் சீதோஷ்ண நிலை போட்டிருந்தது. உள் ஜில்லாக்களில் வெப்பம் நீடிக்குமாம். கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களில் சில இடங்களில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யக்கூடுமாம். பவானி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சள் வியாபாரி, படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"பெய்யக்கூடும்னா என்னங்க அர்த்தம்? பெய்யுமா, பெய்யாதா? களத்துல மஞ்சள் காயுதுங்க. நனைஞ்சா வெல போச்சு. இன்னம் ஒரு வாரம் வராம இருந்தாத் தேவலைங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த குடியானவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, உங்க மஞ்சள் காயறதுக்கு எங்க மாடு தவிச்சுச் சாகோணுங்களா? கெணத்துல சேறுதானுங்க வருது. இன்னைக்கே பேஞ்சாலும் பத்தாதுங்க."

இரண்டு பேரும் விடாமல் சண்டை போட்டார்கள். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக்கொண்டே போட்டார்கள். வெளிநாட்டில் ஆண்டுக் கணக்கில் வசவுகளையே கேட்டுப் பழகிய என் காதுக்கு அந்தச் சண்டைகூடச் சுகமாக இருந்தது.

பாதி வழியில் எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பிற்று. டிரைவர் வண்டியை ஒரு வேலமரத்து ஓரமாக நிறுத்தினார். கண்டக்டர் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடினார். வெகு நேரம் கழித்துக் கால் டப்பா கலங்கல் தண்ணீருடன் வந்தார். எஞ்சினின் தாகத்துக்கு அது போதவில்லை. கடைசியில் குடியானவர்தான் இறங்கிப் போய், யார் வீட்டிலோ கெஞ்சி, மாட்டுக்கு வைத்திருந்த தண்ணீரில் அரைக் குடம் வாங்கி வந்தார். மஞ்சள் வியாபாரி அந்தக் குடத்தை ஒரு கை பிடித்துத் தூக்கினார். பிறகு மழையைப் பற்றி அவர் பேசவில்லை.

அன்று பவானிச் சத்திரத்தில் படுக்கை. சந்தகையும் தேங்காய்ப்பாலும் கிடைத்தன. இத்தனை வருஷம் நான் ஏங்கிய பலகாரம். இலையில் விழுந்ததும் தேவசகாயத்தின் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அரிசி மாவில் இதைப் பிழிய முயன்று, பிசினாகிப்போன உருண்டையை இருவரும் சிரித்துச் சிரித்துத் தின்றோம். இலையில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் அம்மாபேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு பெரியவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். நெற்றியும் மூக்கும் அப்படியே தேவசகாயம். என் கடிதம் கண்டு எதிர்கொள்ள வந்திருந்த அவன் தகப்பனார் ஞானமுத்து. என் முகத்தைக் கவனிக்காமல் கையில் இருந்த பெட்டியையே பார்த்தார்.

காப்பிக் கடையில் இரண்டு காப்பி சொன்னேன். கடைக்காரர் எனக்கு டம்ளரிலும் அவருக்குக் கொட்டாங்குச்சியிலும் கொண்டுவந்தார். ஞானமுத்து அதைப் பழகிய கையோடு வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். நானும் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காசு கொடுக்கப் போனபோது, கடைக்காரர் கையில் வாங்காமல் வாசல் கல்லின் மேல் வைக்கச் சொன்னார்.

மாட்டு வண்டியில் அணையின் ஏரிக்கரை போய்ச் சேரும் வரை பெரியவர் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

நான் கடலைப் பார்த்தே காலம் கழித்தவன். ஆனால் இப்படி ஒரு நீரைப் பார்த்ததில்லை. மேற்கே பாலமலை, அதன் அடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் ஓலை இழந்து, தலை கருகி, வரிசை வரிசையாக நிற்கும் பனைமரங்கள். கரையெல்லாம் சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. கோடையில் நீர் வெகுதூரம் உள்வாங்கிவிட்டிருந்தது. நட்ட நடுவில் ஒரு மேடும், மேட்டின் மேல் கூரையில்லாத சுவர் ஒன்றும் தெரிந்தன.

"அதுதானுங்க எங்க மாதா கோவில்," என்றார் ஞானமுத்து. "ஊரு காலி பண்ணறப்ப மரத்தையும் ஓட்டையும் பிரிச்சு எடுத்துக்கிட்டமுங்க. செவுத்த மட்டும் உட்டுப்போட்டு வந்தமுங்க."

மேட்டுக் காட்டில் அவர்களுக்குப் புதுக் குடிசைகள். பெரியவரின் மருமகள் ராகேல் வாசலில் நின்றாள். தேவசகாயம் சொல்லியிருந்ததைவிட ஒல்லியாக இருந்தாள். அழவில்லை. "வாங்ணா," என்று சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்தேன். ஜபமாலை, ஒரு சீப்பு, ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்று தைத்து ஒருநாளும் போடாத புதுச் சட்டை, அதன் அடியில் அவன் தினமும் போட்ட பழைய சட்டை. ராகேல் புதுச் சட்டையைத் தள்ளிவிட்டுப் பழையதை எடுத்தாள். இரண்டு கையாலும் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து எடுத்தபோது அவள் முகத்தில் ஒரு திகைப்பு.

"தொவச்சுப்போட்டீங்களாண்ணா?" என்றாள்.

துவைத்திருந்தேன். சோப்புப் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தேன். இறந்தவன் உடுப்பை அழுக்காகக் கொடுக்கக்கூடாது என்று அவ்வளவு கவனமாகச் செய்தேன்.

"பரவாயில்லீங்ணா," என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

சாப்பாட்டு வேளை வந்ததும் பெரியவர் தயங்கினார். "பக்கத்து ஊருல கவுண்டரூட்டுல சொல்லிருக்கறனுங்க சாமி. உங்களுக்குச் சோறு அங்கிருந்து வந்துருமுங்க."

"ஏனுங்கய்யா, உங்க மகன் ஆக்கிப்போட்டு வளர்ந்த உடம்புங்க இது," என்றேன். "சட்டியில என்ன இருக்குதோ அதைப் போடச் சொல்லுங்க."

ராகிக் களியும், ஏரியில் பிடித்த கெண்டை மீன் குழம்பும். ராகேல் பரிமாறினாள். தேவசகாயத்தின் குழம்பில் புளி எப்போதும் ஒரு பிடி தூக்கலாக இருக்கும். எங்கே கற்றான் என்று அன்று தெரிந்தது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் ராகேல் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னாள். புஷ்பத்தைப் புதைத்தது அந்தக் கோவில் மேட்டில். அணை நிரம்பியதிலிருந்து மேடு வெளியே வந்தது இந்தக் கோடையில்தான். பழைய சட்டையைக் குழந்தையின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும்.

"அவரு மண்ணு அங்க, புள்ள மண்ணு இங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டதே இல்லீங்ணா. சட்டையாவது பக்கத்துல கெடக்கட்டுங்க."

பெரியவர் வேண்டாம் என்றார். நாள்தோறும் பாலமலை மேல் மேகம் கூடுகிறது. இடி மழையோடு வருகிற சூறைக் காற்றில் பரிசல் நிற்காது. போன வாரம் ஒரு பனைமரம் இடி விழுந்து எரிந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம் அம்மணி," என்றார்.

"மைசூர்ப் பக்கம் மழை எறங்கிப்போட்டா ரெண்டு நாள்ல மேடு முழுகிருமுங்க மாமா. அடுத்த வருசம் இவ்வளவு எறங்குமோ என்னமோ."

பரிசல்காரர் குப்பண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஏரியில் மீன் பிடிக்கிறவர் அவர். கையை நெற்றிக்கு வைத்து மேற்கே பார்த்துவிட்டு, "எல்லா நாளும் பொழுது சாயத்தானுங்க வருது. வெடியால கெளம்புனா மத்தியானத்துக்குள்ள வந்துரலாமுங்க," என்றார். பிற்பகலில் என்றுதான் பத்திரிகையிலும் போட்டிருந்தது. நானும் அதைச் சொன்னேன். பெரியவர் அரை மனதாகச் சம்மதித்தார்.

விடிந்ததும் நாலு பேரும் புறப்பட்டோம். காற்றே இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. பரிசல் மெள்ளச் சுழன்று சுழன்று போயிற்று. ராகேல் சட்டையை மடித்து மார்போடு வைத்திருந்தாள். ஓர் இடத்தில் குப்பண்ணன் துடுப்பை நிறுத்தி, "இதுக்குக் கீழதானுங்க உங்க தெரு," என்றார் பெரியவரிடம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மேட்டில் கால் வைத்ததும் முழங்கால் வரை புதைந்தது. எல்லாம் வண்டல். கல்லறைத் தோட்டம் இருந்த அடையாளமே இல்லை. நட்டிருந்த மரச் சிலுவைகள் எப்போதோ மிதந்து போய்விட்டன. மேடு பள்ளம் எதுவும் இல்லாமல் சேறு எல்லார் மேலும் சமமாகப் படிந்திருந்தது. கோவில் சுவர் ஒன்றுதான் நின்றது.

ராகேல் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கிழக்கே நடந்தாள். கிழக்குப் பக்கம் மேடு சரிந்து தண்ணீருக்குள் போயிற்று. அவள் சேலையை இடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முழங்கால் ஆழத்தில் நின்று கீழே பார்த்தாள். கலங்கல் நீரில் என்ன தெரியும்? திரும்பி வந்தாள். சுவரருகே போனாள். மறுபடியும் இறங்கினாள்.

அதற்குள் வெளிச்சம் மாறிவிட்டது. பாலமலை காணோம். மலை இருந்த இடத்தில் கருநீலமாக ஒரு சுவர் எழும்பியிருந்தது. உச்சிப்பொழுதுகூட ஆகவில்லை.

"வந்துபோட்டுதுங்க!" என்று குப்பண்ணன் பரிசல் அருகிலிருந்து கத்தினார். "நான் பொழுது சாயத்தான் வரும்னு நெனச்சேன். சீக்கிரமுங்க!"

ஞானமுத்து சுவருக்குத் தெற்கே ஓர் இடத்தில் போய் நின்றார். "இங்கதான் அம்மணி. நான்தானே குழி வெட்டுனேன். மறக்குமா? இங்கதான்."

ராகேல் அவரைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். பெரியவர் கொண்டுவந்த மண்வெட்டியால் சேற்றை வாரிப் போட்டார். நான் வாங்க நீட்டிய கையைத் தட்டிவிட்டார். ராகேல் சட்டையைக் குழிக்குள் படுக்க வைத்து, இரண்டு கைகளையும் மார்பின் மேல் மடித்து வைத்தாள். இருவரும் மண்ணைத் தள்ளி மூடினார்கள். பெரியவர் ஜபம் சொல்லத் தொடங்கியபோது முதல் இடி விழுந்தது. பாதியில் அவர் குரல் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

இனிப் பரிசலைத் தண்ணீரில் விடமுடியாது என்றார் குப்பண்ணன். சுவரின் கீழே நின்றால் சரிந்துவிடும் என்ற பயம். மேட்டின் தாழ்ந்த பக்கத்தில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியில் நாலு பேரும் ஒடுங்கி உட்கார்ந்தோம். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. விளிம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ஆலங்கட்டி விழுந்த சத்தம், தோட்டத்தில் எங்கள் தகரக் கூரை மேல் மழை விழும் சத்தம் போலவே இருந்தது. மின்னல் வெட்டும்போதெல்லாம் பரிசல் விளிம்பின் இடுக்கு வழியாக எல்லார் முகமும் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது.

அந்த இருட்டில் ராகேல் கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னாருங்ணா?"

வழியெல்லாம் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை.

"யாரையும் அடையாளம் தெரியலைம்மா. ஜுரம் தலைக்கு ஏறிப்போச்சு. வெளிய மழை கொட்டுச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஊர்ல இருக்கறதா நெனச்சுக்கிட்டான். 'அம்மணி, புள்ள வாசல்ல நனையறா பாரு, எடுத்து உள்ள உடு'ன்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். 'எடுத்துட்டம்ப்பா, உள்ளதான் இருக்கறா'ன்னு நான் சொன்னேன். அப்பறம் பேசலை."

பெரியவர்தான் முதலில் உடைந்தார். "என்ர அப்பனே, என்ர அப்பனே" என்று மகனைக் கூப்பிட்டுக் கதறினார். குப்பண்ணன் ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி, மறு கையால் அவர் முதுகைத் தடவினார். ராகேல் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. என் முழங்கைச் சட்டையை அவள் பற்றிக்கொண்டது மட்டும் தெரிந்தது. மழை விடும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

மழை வந்த வேகத்திலேயே ஓய்ந்தது. வெளியே வந்தோம். மேடு முழுவதும் ஆலங்கட்டி வெள்ளையாகக் கிடந்து உருகிக்கொண்டிருந்தது. குழி மூடிய இடம் தெரியவில்லை. பெரியவர் தேடிப் பிடித்து, சுவரிலிருந்து விழுந்த செங்கல் ஒன்றை அங்கே ஊன்றினார். "தம்பி, நீங்களும் ஒரு பிடி மண்ணு போடுங்க," என்றார். அதுவரை அவர் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஏரி செம்மண் நிறமாயிற்று. மைசூர்ப் பக்கத்து மழை இறங்கிவிட்டது என்றார்கள். மேடு குறுகிக்கொண்டே வந்து, நான் புறப்படும் நாளில் சுவரின் மேல்பாதி மட்டும் தெரிந்தது.

வண்டி பூட்டியிருந்தது. ராகேல் என்னை வழியனுப்ப வந்தாள். பெரியவர் "சித்தெ இருங்க தம்பி" என்று சொல்லிப் பனங்காட்டுப் பக்கம் போயிருந்தார். அவர் கண்ணுக்கு மறைந்ததும் ராகேல் சொன்னாள்:

"மாமா காட்டுன எடம் புள்ளயோடது இல்லீங்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவளை வெச்சது செவுத்துக்குக் கெழக்கால. தண்ணிக்குள்ளதான் இருந்துது. இந்த வருசமும் அவ வெளிய வரலீங்க."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"எப்படீங்ணா சொல்றது? மாமா நெசமாவே அதுதான்னு நம்பறாரு. அவருக்கு மூச்சு வாங்குது, பாத்தீங்கல்ல? அடுத்த கோடைக்கு அவரால மேட்டுக்கு வரமுடியுமோ என்னமோ. அவரு மகனை அவரு கையால ஒரு எடத்துல வெச்சாப் போதுமுங்க."

சேலை முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "குழிக்குள்ள வெக்கறப்பவே சட்டைப் பொத்தான் ஒண்ணப் பிச்சு வெச்சிருக்கறனுங்க. தண்ணி நல்லா எறங்கற வருசம் கொண்டுபோயி அவகிட்டக் குடுத்துப்போடறேன். எனக்கு வயசு கெடக்குதுங்ணா."

பனங்காட்டுப் பக்கமிருந்து ஞானமுத்து மூச்சிரைக்க வந்தார். வழியில் சாப்பிட எனக்கு ஓலையில் நுங்கு கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"இந்த வெயில்ல ஏனுங்க மாமா ஓடியாறீங்க?" என்று கடிந்துகொண்டு, அவர் கையிலிருந்ததை ராகேல் வாங்கினாள். அவரை வண்டி நிழலில் உட்கார வைத்தாள். முந்தானையால் அவருக்கு விசிறத் தொடங்கினாள்.